அலறலுக்குத் தடை, ஆறடிக்கு ஒரு கோடு

தீம் பார்க் என்பது கூட்டத்தை நம்பிக் கட்டப்படும் இடம். வளைந்து வளைந்து போகும் வரிசைத் தடுப்புகள், தோளோடு தோள் இடிக்க உட்காரவைக்கும் ரோலர் கோஸ்டர் இருக்கைகள், அணிவகுப்பைப் பார்க்க நடைபாதையோரம் இடம்பிடித்துக் காத்திருக்கும் குடும்பங்கள், இருட்டு அறையில் ஒரு கும்பலையே நிறுத்திவைத்துக் கதை சொல்லும் காட்சிகள் என எல்லாமே ஆட்களை நெருக்கியடித்து வைத்துத்தான் நடக்கின்றன. வந்தவர்கள் வாய்விட்டுக் கத்த வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட ராட்டினங்கள் வேறு. மூச்சுக்காற்றில் பரவும் நோய் ஒன்றுக்கு இவ்வளவு தோதான ஏற்பாடு வேறெங்கும் எளிதில் அமையாது. அதே சமயம், இந்தப் பூங்காக்களின் பெரும்பகுதி திறந்தவெளி. காற்றோட்டம் இருக்கும் இடத்தில் தொற்று பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. 2020 முதல் 2023 வரை உலகெங்கும் தீம் பார்க்குகளில் போடப்பட்ட முகக்கவச விதிகளும் இடைவெளி விதிகளும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே அலைந்தவைதான். சில விதிகள் நோயைத் தடுத்தன. சில விதிகள் வந்தவர்களுக்குத் தைரியம் தந்ததோடு சரி.

தீம் பார்க்கில் தொற்று பரவுவது கொரோனாவோடு தொடங்கிய கதை அல்ல. கலிஃபோர்னியா மாநிலம் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டில் 2014 டிசம்பரில் தட்டம்மை பரவியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டத்தில் தொற்றிக்கொண்டவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியபோது நோயும் கூடவே போனது. கலிஃபோர்னியாவில் மட்டும் 131 பேருக்குத் தட்டம்மை கண்டது. வேறு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அது எட்டியது. இதன் விளைவாக, சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடாமல் இருக்கும் உரிமையை 2015-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டு நீக்கியது. ஒரு பூங்காவில் தொற்றியது பூங்காவோடு நிற்காது என்பதை அந்த டிசம்பரே காட்டிவிட்டது. தீம் பார்க்கின் தனி ஆபத்து இதுதான். பல ஊர்க்காரர்கள் ஒரே நாளில் ஓரிடத்தில் கலந்து, மறுநாளே கலைந்து போகிறார்கள். நோய் தெரியவரும்போது அவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள்.

கொரோனா வந்தபோது முதலில் மூடியவை சீனப் பூங்காக்கள். ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 ஜனவரி 25 அன்று, சீனப் புத்தாண்டு நாளிலேயே, கதவை அடைத்தது. மறுநாள் ஹாங்காங் மூடியது. பிப்ரவரி 29 அன்று டோக்கியோ. மார்ச் 14 அன்று கலிஃபோர்னியா. அடுத்த ஓரிரு நாளில் ஃபுளோரிடாவும் பாரிஸும். 1955-ல் திறந்த நாளிலிருந்து கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் எதிர்பாராமல் மூடிய நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: கென்னடி கொல்லப்பட்டதற்கான துக்க நாள், செப்டம்பர் 11 தாக்குதல் போன்றவை. இம்முறை மூடிய கதவு மீண்டும் திறக்க 13 மாதங்களுக்கு மேல் ஆனது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் டிஸ்னியின் பூங்காப் பிரிவுக்கு ஏற்பட்ட பாதிப்பு சுமார் 350 கோடி டாலர். திறந்தே தீர வேண்டும் என்ற அவசரத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது, லட்சக்கணக்கானவர்களின் சம்பளமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் தலையை எண்ணு

மீண்டும் திறந்த முதல் பெரிய பூங்காக்களில் ஒன்று ஷாங்காய் டிஸ்னிலேண்ட். 2020 மே 11 அன்று திறந்தது. வழக்கமாக ஒரு நாளைக்கு 80,000 பேர் கொள்ளும் பூங்கா அது. அதில் 30 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 24,000 பேருக்கு மேல், விடக்கூடாது என்று அரசு சொன்னது. அதற்கும் கீழேதான் தொடங்குவோம் என்றது நிறுவனம். தேதி போட்ட டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாசலில் உடல் வெப்பம் பார்ப்பார்கள். செல்போனில் சுகாதாரக் குறியீடு பச்சையாக இருக்க வேண்டும். சாப்பிடும் நேரம் தவிர முகக்கவசம் கட்டாயம். வரிசையிலும் அரங்கிலும் யார் எங்கே நிற்பது என்று தரையிலேயே குறி போட்டிருந்தார்கள். மிக்கி மவுஸ் தூரத்தில் நின்று கையசைக்கும், கட்டிப்பிடிக்காது.

இந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் தாங்கியது முதல் விதிதான். ஆறடி இடைவெளி விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் எத்தனை முறை சொன்னாலும், உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை அதிகமானால் இடைவெளி விட இடம் இருக்காது. தீம் பார்க்கில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ரோலர் கோஸ்டர் ரயிலில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் ஆட்களை ஏற்றினால் ஒரு சுற்றுக்குப் பாதிப் பேர்தான் போக முடியும். ஆகவே வரிசை மெதுவாக நகரும். மெதுவாக நகரும் வரிசையில் ஆறடிக்கு ஒரு குடும்பம் என்று நின்றால் அதன் நீளம் பல மடங்காகி, தடுப்புகளைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். அங்கே நடப்பவர்களோடு இடிக்கும். எனவே பாதிக் கூட்டம் என்பதுகூடப் போதாது, மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் விதி வேலை செய்யும். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டும் அங்குதான் வந்து நின்றது. ஆறடி விதியை வைத்துக்கொண்டு 25 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடு வரைதான் உயர்த்த முடிந்தது என்று அப்போதைய தலைமை நிர்வாகி பாப் சாப்பெக் 2020 நவம்பரில் அறிவித்தார்.

ஆர்லாண்டோவின் கோடைக்காலம்

விதிகள் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. அங்கே யுனிவர்சல் பூங்கா 2020 ஜூன் 5 அன்று திறந்தது. சீ வேர்ல்ட் ஜூன் 11. டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமும் ஜூலை 11. எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் ஜூலை 15. மேஜிக் கிங்டம் திறந்த மறுநாள், ஜூலை 12 அன்று, ஃபுளோரிடா ஒரே நாளில் 15,299 புதிய தொற்றுகளைப் பதிவு செய்தது. அதுவரை அமெரிக்க மாநிலம் எதுவும் ஒரே நாளில் காணாத எண்ணிக்கை அது. ஜூலை மாத ஃபுளோரிடா கொளுத்தும் வெயிலும் பிற்பகல் மழையும் பிசுபிசுப்பும் நிறைந்தது. அந்தப் புழுக்கத்தில் காலை முதல் இரவு வரை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடக்கச் சொல்வது சாதாரண வேண்டுகோள் அல்ல.

டிஸ்னியின் முகக்கவச விதி நாளுக்கு நாள் இறுகியதைப் பார்த்தால், எழுதிய விதிக்கும் நடப்புக்கும் இடையே என்னென்ன ஓட்டைகள் விழுந்தன என்று தெரியும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கட்டாயம் என்பது தொடக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் போடக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. ஆகவே கோடு அங்கே விழுந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பின்னர் ஐந்து வயது வரை கட்டாயப்படுத்த வேண்டாம் என்றன. இந்த வயது விஷயத்தில் நாடுகள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அடுத்து, கழுத்தில் மாட்டி மேலே இழுத்துவிடும் துணிக் குழாயும் கைக்குட்டைக் கட்டும் செல்லாது என்றார்கள். கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் மூச்சு அப்படியே வெளியேறும். வால்வு வைத்த முகக்கவசமும் செல்லாது. அது போட்டிருப்பவரைக் காக்கும், எதிரே இருப்பவரைக் காக்காது. உள்ளே இழுக்கும் காற்றை வடிகட்டிவிட்டு, வெளியே விடும் காற்றை அப்படியே விட்டுவிடும்.

இன்னொன்று தின்பண்டப் பிரச்சினை. சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று விதி இருந்தது. கையில் ஒரு குளிர்பானக் கோப்பையோ பாப்கார்ன் வாளியோ வைத்துக்கொண்டால் நாள் முழுக்கக் கழற்றியபடி நடக்கலாம் என்று வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். திறந்த சில நாட்களுக்குள் விதி மாறியது: சாப்பிடுவதானால் ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ, மற்றவர்களிடமிருந்து தள்ளியிருந்து சாப்பிட வேண்டும். இது தவிர, ஆட்கள் முகக்கவசத்தைக் கழற்றி மூச்சுவிட்டு இளைப்பாறத் தனி இடங்களையும் ஒதுக்கியிருந்தார்கள். யுனிவர்சலிலும் அப்படி இடங்கள் உண்டு. தடையைப் போடுபவர்கள் அதைத் தாங்குவதற்கான வழியையும் சேர்த்துத் தர வேண்டும். வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கொரு முறை கழற்றி மூச்சுவிட இடம் இருந்தால்தான் மீதி நேரம் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். ஆர்லாண்டோ பூங்காக்கள் செய்தவற்றில் மனித இயல்பைப் புரிந்துகொண்டு செய்த காரியம் இதுவே.

சவாரிகளின் உள்ளே நடந்த மாற்றங்கள் இன்னும் நுணுக்கமானவை. ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்மாளிகையில் நுழைந்ததும் ஓர் எண்கோண அறை உண்டு. வந்தவர்களை அதில் நெருக்கமாக அடைத்து, கதவைச் சாத்தி, சுவர்கள் நீள்வதுபோலக் காட்டி, மேலிருந்து கதை சொல்வார்கள். அந்தச் சவாரியின் உயிரே அந்த அறைதான். பெருந்தொற்றுக் காலத்தில் அதன் கதவுகளைத் திறந்தே வைத்து, ஆட்களை நிற்கவிடாமல் நேராக நடத்திக் கூட்டிப்போனார்கள். வரிசைகளின் நடுவே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தடுப்புகள் எழுந்தன. கிளிமஞ்சாரோ சஃபாரி வண்டியில் இருக்கைகளுக்கு இடையேயும் அவை வந்தன. கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிகளில் ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம் மட்டும். இரவு வாணவேடிக்கை நின்றது. பெரிய அணிவகுப்பும் நின்றது. அதற்குப் பதிலாகச் சின்ன ஊர்வலங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று வந்து போயின. எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாதபோது யாரும் முன்கூட்டியே வந்து நடைபாதையில் குவிய மாட்டார்கள். நேரத்தை மறைத்தே கூட்டத்தைக் கலைத்த இந்த ஏற்பாடு, செலவே இல்லாமல் பெரிய பலன் தந்தது.

நீர்ச் சறுக்குகளில் முகக்கவசம் எதிர்விளைவைத் தரும். நனைந்த துணி மூச்சை அடைக்கும் என்பதால் தண்ணீருக்குள் போட வேண்டாம் என்றது சிடிசி. யுனிவர்சலின் வால்கனோ பே நீர்ப்பூங்காவில் வாசலிலும் உணவகத்திலும் போட வேண்டும், சறுக்கிலும் குளத்திலும் வேண்டாம் என்று பிரித்தார்கள்.

யார் சொல்வது, யார் கேட்பது

விதியை அறிவிப்பது தலைமை அலுவலகம். அதை நிறைவேற்றுவதோ மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வாசலில் நிற்கும் இளம் ஊழியர். அமெரிக்காவில் முகக்கவசம் அரசியல் அடையாளமாக மாறியிருந்த நேரம் அது. 2020 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலம் லாங்ஹார்னில் உள்ள செசமி பிளேஸ் என்ற குழந்தைகள் பூங்காவில், முகக்கவசம் போடுங்கள் என்று சொன்ன 17 வயது ஊழியரை வந்திருந்த ஒருவர் தாக்கினார். அந்தப் பையனுக்குத் தாடையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பூங்கா விதிகளைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியது அந்தப் பையனைத்தான். ஒரு நிறுவனம் எடுத்த முடிவின் சுமை முழுக்க, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத பிள்ளையின் முகத்தில் வந்து விழுந்தது.

ஆகவே ஆள் நேரே போய்க் கேட்க வேண்டிய தேவையைக் குறைத்த உத்திகளே நல்ல உத்திகள். டிஸ்னி வேர்ல்டை ஒட்டிய டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவச வீரர்கள் வேடமிட்ட இருவர் மாடத்தில் நின்று, கீழே நடப்பவர்களை இடைவெளி விடச் சொல்லியும் முகக்கவசத்தைச் சரிசெய்யச் சொல்லியும் அதட்டினார்கள். அதே சொல் வேடத்தின் வாயிலிருந்து வந்தபோது கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே பணிந்தார்கள். இன்னொன்று புகைப்பட உத்தி. ரோலர் கோஸ்டர் கீழே பாயும் கணத்தில் தானாகப் படம் எடுக்கும் கேமரா உண்டு. அந்தப் படத்தை வாங்கிப்போவது பலருக்குப் பயணத்தின் நினைவுச்சின்னம். சவாரியில் முகக்கவசத்தைக் கழற்றியிருந்தால் அந்தப் படம் கிடைக்காது என்று டிஸ்னி வைத்தது. சண்டை இல்லை, அபராதம் இல்லை. ஆனால் பலித்தது. 2020 டிசம்பரில், கழற்றியவர் முகத்தில் கணினி மூலம் முகக்கவசம் வரைந்து படத்தைத் தரும் முயற்சி ஒன்று நடந்து, கண்டனம் எழுந்ததும் கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. விதியை மீறியவருக்குப் பின்பற்றியவரின் தோற்றத்தைத் தந்தால் விதிக்கு மரியாதை இருக்காது.

ஊழியர்களின் பாதுகாப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மேடையில் ஆடிப் பாடும் நடிகர்கள் முகக்கவசம் போட முடியாது. தங்களுக்கு முறையான பரிசோதனை வேண்டும் என்று நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி கேட்டது. டிஸ்னி வேர்ல்டில் அதன் உறுப்பினர்கள் சுமார் 750 பேர். உடன்பாடு ஏற்படாமல் பூங்கா அவர்கள் இல்லாமலே திறந்தது. வளாகத்தில் பரிசோதனை நிலையம் வந்தபின், 2020 ஆகஸ்டில்தான் அவர்கள் திரும்பும் வழி பிறந்தது.

பரிசோதனை என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே வளாகத்தில் வேறொரு சான்று இருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து சங்கமான என்பிஏ, தன் 22 அணிகளை டிஸ்னி வேர்ல்டின் விடுதிகளில் வெளியுலகத் தொடர்பின்றித் தங்கவைத்து, தொடர்ந்து பரிசோதித்து, அக்டோபர் 11 வரை போட்டிகளை நடத்தி முடித்தது. தனிமைக் காலம் முடித்து உள்ளே இருந்த வீரர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. ஆனால் இந்த வழி பூங்காவுக்குப் பொருந்தாது. அங்கே கதவை அடைக்க முடியாது, தினமும் புது முகங்கள். அதனால்தான் பூங்காவின் பாரம் முழுக்க முகக்கவசத்தின் மீதும் இடைவெளியின் மீதும் இறங்கியது.

கத்தாமல் ஒரு ரோலர் கோஸ்டர்

ஜப்பானில் முகக்கவசம் போடச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அங்கே கேள்வி வேறு: கத்தலை என்ன செய்வது? கிழக்கு, மேற்கு ஜப்பான் தீம் பார்க் சங்கங்கள் 2020 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ராட்டினங்களில் அலறுவதைத் தவிர்க்கும்படி வந்தவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஊழியர்கள் பேச்சைக் குறைத்துக் கண்ணால் சிரிக்க வேண்டும். பேய் வீட்டில் பேய்களும் இடைவெளி விட வேண்டும்.

இதைக் கேட்டு உலகம் சிரித்தது. ஆனால் இதற்குப் பின்னால் வலுவான அறிவியல் இருக்கிறது. குரல் உயர உயர வாயிலிருந்து வெளியேறும் நுண்துகள்களும் கூடுகின்றன என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2019-லேயே, கொரோனா வருமுன்பே, காட்டியிருந்தார்கள். 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். நோய் உறுதியானவர்களும், அறிகுறிகளை வைத்து நோயாளி எனக் கருதப்பட்டவர்களுமாக 53 பேர். இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் உரத்த குரல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான, துயரமான சான்று அந்த ஆண்டில் கிடைக்கவில்லை.

யமனாஷி மாவட்டத்தில் ஃபூஜி மலையடிவாரத்தில் உள்ள ஃபூஜி-க்யூ ஹைலேண்ட் பூங்கா, இந்த விதி நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்குத் தன் நிர்வாகிகளையே வைத்துப் பதில் சொன்னது. 79 மீட்டர் உயரம் ஏறி, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஃபூஜியாமா ரோலர் கோஸ்டரில் இரண்டு நிர்வாகிகள் முகக்கவசம் அணிந்து ஏறி உட்கார்ந்தார்கள். ரயில் செங்குத்தாகச் சரிகிறது, திரும்புகிறது. இருவரும் அலுவலகக் கூட்டத்தில் இருப்பவர்களைப்போல நேரே பார்த்தபடி இருக்கிறார்கள், சத்தமே இல்லை. கடைசியில், அலறலை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள் வருகிறது. அந்தக் காணொளி உலகமெங்கும் பரவியது. கெடுபிடியாக இருந்த ஒரு விதியை விளையாட்டாக்கி, சவாரியில் முகத்தைச் சலனமில்லாமல் வைத்திருப்பதையே வந்தவர்களுக்குச் சவாலாக விட்டார்கள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோலர் கோஸ்டர் ஓடுவது இரண்டு மூன்று நிமிடம், அதுவும் வேகமான வெளிக்காற்றில். அதற்காக நிற்கும் வரிசையோ ஒரு மணி நேரம். சிடிசி, 24 மணி நேரத்தில் மொத்தமாக 15 நிமிடம் ஆறடிக்குள் இருப்பதை நெருங்கிய தொடர்பாகக் கணக்கிட்டது. அந்த அளவுகோலில் பார்த்தால் ஆபத்து ராட்டினத்தில் இல்லை. கூரைக்குக் கீழே முன்னும் பின்னும் அதே ஆட்களோடு நகரும் வரிசையிலும், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முக்கால் மணி நேரம் உட்காரும் உணவகத்திலும் இருந்தது. அலறல் பற்றிப் பேசிய அளவுக்கு உணவகத்தின் காற்றோட்டம் பற்றி யாரும் பேசவில்லை.

கலிஃபோர்னியாவின் இழுபறி

ஃபுளோரிடா கோடையிலேயே திறந்துவிட, கலிஃபோர்னியா திறக்க மறுத்தது. 2020 செப்டம்பர் 29 அன்று டிஸ்னி தன் பூங்காப் பிரிவில் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. பூங்காக்களைத் திறக்க மாநிலம் அனுமதிக்காததும் காரணம் என்றது. மாநில ஆளுநர் கேவின் நியூசம் அமைத்த பொருளாதார மீட்புக் குழுவிலிருந்து டிஸ்னியின் பாப் ஐகர் விலகினார். அக்டோபர் 20 அன்று வந்த மாநில விதியில், மாவட்டங்களின் தொற்று அளவைக் குறிக்கும் நான்கு வண்ணங்களில் மிகக் குறைந்த மஞ்சளுக்கு வந்தால்தான் பெரிய பூங்காக்கள் திறக்கலாம் என்று இருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ், ஆரஞ்ச் போன்ற பெரிய மாவட்டங்களுக்கு அது எட்டாக்கனி.

ஆர்லாண்டோ பூங்காக்களிலிருந்து பெரிய அளவில் தொற்று பரவியதாகத் தெரியவில்லை என்று அங்குள்ள மாவட்ட சுகாதார அதிகாரிகள் சொன்னதைப் பூங்கா நிறுவனங்கள் சான்றாகக் காட்டின. அந்தச் சான்றை அப்படியே ஏற்பதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. கூட்டம் குறைவு, முகக்கவசம், திறந்தவெளி மூன்றும் சேர்ந்து வேலை செய்தன என்பதற்கு அதில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் தட்டம்மைக்கு அப்பட்டமான தடிப்பு உண்டு, எங்கே தொற்றியது என்று துருவ முடியும். அறிகுறியே இல்லாமல் பரவும் கொரோனாவில், ஆயிரம் மைல் தள்ளிப் போய்விட்ட சுற்றுலாப் பயணிக்கு அது பூங்காவில் தொற்றியதா, விமானத்திலா, விடுதியிலா என்று யாரும் நிரூபிக்க முடியாது.

2021 ஜனவரியில் டிஸ்னிலேண்டின் வாகன நிறுத்துமிடம் ஆரஞ்ச் மாவட்டத்தின் பெரிய தடுப்பூசி மையமானது. மார்ச் 5 அன்று மாநிலம் விதியைத் தளர்த்தியது. ஏப்ரல் 1 முதல் சிவப்பு நிலையில் 15 விழுக்காடு, ஆரஞ்சில் 25, மஞ்சளில் 35. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. மூடிய அரங்குச் சவாரி 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கத்தலின் தாக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று மாநிலப் பூங்காக்கள் சங்கமும் தன் திட்டத்தில் எழுதியது. ஏப்ரல் 30 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. தாமதம் நீண்டது உண்மை. ஆனால் எண்ணிக்கையையும் காற்றோட்டத்தையும் நேரத்தையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்த விதி என்று பார்த்தால், இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது.

கலிஃபோர்னியா மறுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இந்தியாவில் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 2020 அக்டோபர் 15 முதல் மத்திய அரசு அனுமதி தந்தது. அதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் தந்த நெறிமுறையில் ஆறடி இடைவெளி, முகக்கவசம், வெப்பச் சோதனை எல்லாம் இருந்தன. ஏசி 24 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெளிக்காற்று முடிந்தவரை வர வேண்டும் என்றும் இருந்தது.

எது உதவியது, எது உதவவில்லை

தொடக்கத்தில் எல்லாப் பூங்காக்களும் மிகுந்த உழைப்பைக் கொட்டியது துடைப்பதில்தான். கைப்பிடி, இருக்கை, பாதுகாப்புக் கம்பி என்று நாள் முழுக்கக் கிருமிநாசினி தெளித்தார்கள். தொட்டால் ஒட்டும் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. ஆனால் நோய் காற்றின் வழியாகவும் பரவும் ஆபத்து உண்டு என்று 2020 ஜூலையிலேயே 239 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு எழுதினார்கள். கிருமி படிந்த பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று சிடிசி 2021 ஏப்ரலில் சொன்னது. வாசல் வெப்பமானியும் அப்படித்தான். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியவரை நிறுத்தலாம். ஆனால் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருவர் நோயைப் பரப்புவார், பலருக்குக் காய்ச்சலே வராது. டிஸ்னி வேர்ல்ட் 2021 மே மாதம் வெப்பச் சோதனையை நிறுத்தியது. பிளாஸ்டிக் தடுப்புகள் எதிரில் இருமுபவரின் எச்சில் துளியைத் தடுக்கும், அறை முழுக்க மிதக்கும் நுண்துகளைத் தடுக்காது. இவற்றுக்குச் செலவழித்த பணத்திலும் ஆள்பலத்திலும் பாதியை மூடிய அரங்குகளின் காற்றோட்டத்துக்கும் ஊழியர்களுக்கு நல்ல முகக்கவசம் தருவதற்கும் திருப்பியிருக்க வேண்டும்.

விதிகளின் மறு எல்லையைச் சீனா காட்டியது. 2021 அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். முந்தைய நாள் வந்து போன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் ஷாங்காய் டிஸ்னிலேண்ட் வாசலை அடைத்து, உள்ளே இருந்தவர்களைப் பரிசோதித்த பிறகே வெளியே விட்டது. தலைக்கு மேலே வாணவேடிக்கை நடக்க, கீழே முழுப் பாதுகாப்பு உடையணிந்த சுகாதாரப் பணியாளர்கள் முன்னே குடும்பங்கள் வரிசையில் நின்றன. 33,863 பேரைச் சோதித்ததில் ஒருவருக்கும் தொற்று இல்லை. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2022 அக்டோபர் 31 அன்றும் அதே பூங்கா அதேபோல ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டியது. நோயைத் தடுப்பதற்காக ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக அடைத்து வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

தளர்வு எங்கும் நேர்க்கோட்டில் வரவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று 2021 மே 13 அன்று சிடிசி சொன்னதும், டிஸ்னி வேர்ல்ட் இரண்டு நாளில் வெளியிடங்களில் விலக்கு தந்தது. யுனிவர்சல் ஆறடியை மூன்றடியாக்கியது. ஜூன் 15 அன்று டிஸ்னி உள்ளரங்கிலும் தளர்த்தியது. டெல்டா வகை பரவியதும் ஜூலை 30 அன்று உள்ளரங்கு முகக்கவசம் எல்லோருக்கும் திரும்பியது. 2022 பிப்ரவரி 17 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கு அது விலகியது. பேருந்திலும் மோனோரயிலிலும் மட்டும் அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்து விதி நீடித்தது. ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஒரு நீதிபதி அந்த விதியைச் செல்லாது என்றதும், ஏப்ரல் 19 அன்று அதுவும் போனது. ஹாங்காங்கில் முகக்கவச ஆணை 2023 மார்ச் 1 அன்று முடிந்தது. ஜப்பான் அரசு மார்ச் 13 முதல் அவரவர் விருப்பம் என்றது.

எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்காக வந்த முன்பதிவு முறை மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நின்றது. எந்த நாளில் எந்தப் பூங்கா என்று முன்கூட்டியே பதிய வேண்டும் என்ற விதியை, தேதி போட்ட டிக்கெட் வாங்குபவர்களுக்கு டிஸ்னி வேர்ல்ட் நீக்கியது 2024 ஜனவரி 9 அன்றுதான். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அந்த முறை அதன் பிறகும் தொடர்ந்தது.